டிங்கிக்கு யார் காசு கொடுப்பது? தோட்டத்து ஊரில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

குடியிருப்பாளர் சங்கத்திலோ ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் குழுவிலோ உங்களைச் செயலாளராகப் போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். சீக்கிரமே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: "அண்ணே, நம்ம தாமான்ல ரெண்டு பேருக்கு டிங்கி. மருந்து அடிக்கச் சொல்லுங்க." தாமான் என்பது வீடமைப்புப் பகுதி, டிங்கி என்பது டெங்கு காய்ச்சல். நீங்கள் நகராண்மைக் கழகத்தை அழைப்பீர்கள். சுகாதார அலுவலகத்தைக் கேளுங்கள் என்பார்கள். சுகாதார அலுவலகத்தை அழைத்தால், புகை நாங்கள் அடிப்போம், அடைத்துக் கிடக்கிற லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) எங்கள் வேலை இல்லை, அதை நகராண்மைக் கழகத்திடம் சொல்லுங்கள் என்பார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். இருவருக்கும் பணம் வரும் வழி வேறு, அந்தப் பணத்தில் செய்ய அனுமதி உள்ள வேலையும் வேறு.

தொற்றுநோய்க்கு என்று நம் ஊரில் ஒரே நிதி கிடையாது. நான்கைந்து சட்டைப்பைகள் இருக்கின்றன. எந்தப் பையில் எதற்குக் காசு இருக்கிறது, எந்த மாதத்தில் கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

மலேசியாவில், பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எல்ஃபில், ஹேவுட், டவன்பி என்று தோட்டத்துப் பெயர்களை வைத்தே இன்னமும் வழி சொல்கிற ஊர். தோட்டத்தில் பிறந்தவர்களில் பலர் இப்போது தாமானில் இருக்கிறார்கள், சிலர் இன்னும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறார்கள். இங்கே ஊராட்சி மன்றம் என்பது கோலகங்சார் நகராண்மைக் கழகம். நோய்த் தடுப்பைப் பார்ப்பது கோலகங்சார் மாவட்டச் சுகாதார அலுவலகம். முன்னது பேராக் மாநில அரசின் கீழ் வருவது, பின்னது கூட்டரசின், அதாவது மத்திய அரசின், சுகாதார அமைச்சின் கிளை. அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் மருத்துவமும் சுகாதாரமும் கூட்டரசுப் பட்டியலில் இருக்கின்றன. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. பொதுச் சுகாதாரம், துப்புரவு, நோய்த் தடுப்பு ஆகியவை இருவருக்கும் பொதுவான பட்டியலில். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதற்கு வேர் அங்கேதான்.

முதலில் நிலத்தைப் பாருங்கள்

யாரிடம் கேட்பது என்பதற்கு முன், நீங்கள் நிற்கிற மண் யாருடையது என்று தெரிய வேண்டும். தோட்டத்து ஊரில் இதைத் தாண்டிக் குதிக்க முடியாது.

வீட்டுக்கு வருகிற பில்லை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி கடைசிக்குள்ளும் ஆகஸ்டு கடைசிக்குள்ளும் கட்டுகிற மதிப்பீட்டு வரி நகராண்மைக் கழகத்துக்குப் போகிறது. மக்கள் வாயில் அது வீட்டு வரி, மலாயில் சுக்காய் தக்சிரான் அல்லது சுக்காய் பிந்து. நில அலுவலகத்துக்குக் கட்டுகிற நிலவரி வேறு. அது மாநிலக் கஜானாவுக்குப் போவது, அதில் லோங்காங் கழுவ ஒரு காசும் நேரடியாக வராது. "நான் ஒழுங்காக வரி கட்டுகிறேன்" என்று முகப்பில் சண்டை போடுகிறவர்களில் சிலர் நிலவரி ரசீதைக் கையில் வைத்திருப்பார்கள்.

மதிப்பீட்டு வரி பில் இருந்தால் நீங்கள் நகராண்மைக் கழக எல்லைக்குள் இருக்கிறீர்கள், கேட்கும் உரிமை உண்டு. ஆனால் தாமான் புதியது என்றால் இன்னொன்றையும் கேளுங்கள்: சாலையையும் லோங்காங்கையும் மேம்பாட்டாளர் நகராண்மைக் கழகத்திடம் ஒப்படைத்துவிட்டாரா? ஒப்படைக்காத வரை பராமரிப்பு மேம்பாட்டாளர் தலையில். நகராண்மைக் கழகத்துக்கு எத்தனை கடிதம் எழுதினாலும் பதில் இதுவாகத்தான் இருக்கும்.

இயங்கிக்கொண்டிருக்கிற தோட்டத்து லயம் என்றால் கதையே வேறு. அது தனியார் நிலம். நகராண்மைக் கழக லோரி உள்ளே வராது, வர வேண்டிய கட்டாயமும் பெரும்பாலும் இல்லை. கிராமம் என்று சொல்லி மாநிலத்திடமும் கேட்க முடியாது, பட்டணம் என்று சொல்லி நகராண்மைக் கழகத்திடமும் கேட்க முடியாது என்பது நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் குறை. ஆனால் சட்டம் சும்மா இல்லை. 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி தொழிலாளர் குடியிருப்பின் குடிநீர், வடிகால், துப்புரவு, வீட்டுப் பழுது எல்லாம் முதலாளியின் செலவு. அதைக் கண்காணிப்பது தொழிலாளர் இலாகா. ஆகவே லயத்துக்குப் பின்னால் கழிவுநீர் தேங்கினால் முதல் கடிதம் நிர்வாகத்துக்கு, நகல் தொழிலாளர் இலாகாவுக்கு, இன்னொரு நகல் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு. நகராண்மைக் கழகத்துக்கு எழுதி மாதங்களை வீணாக்க வேண்டாம்.

தோட்டம் மூடி, வேலையும் நின்று, ஆட்கள் மட்டும் பழைய லயத்தில் தங்கிவிட்ட இடங்கள்தான் மிகவும் சிக்கல். முதலாளி என்று சொல்ல ஆள் இல்லை, நில உரிமையாளர் யார் என்பதே மாறியிருக்கும். அங்கே உங்களுக்குக் கை கொடுப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம், அதாவது 154ஆம் சட்டம். கொசு முட்டையிட வழி செய்து வைத்திருக்கும் எந்த இடத்தின் உரிமையாளரையும் குடியிருப்பவரையும் அது பிடிக்கும். தோட்டம், கடை, காலி மனை, கட்டுமானத் தளம் என்று பார்க்காது. நில அலுவலகத்தில் மனை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் உரிமையாளர் பெயர் கிடைக்கும். அந்தப் பெயரோடு சுகாதார அலுவலகத்துக்கு எழுதினால், அதிகாரிகள் எழுத்து மூலம் ஆணை கொடுத்துச் சுத்தம் செய்ய வைக்கலாம்.

எந்தப் பையில் எதற்குக் காசு

சுகாதார அமைச்சின் பை நோய் வந்த பிறகு வேகமாகத் திறக்கும். நோயாளி பதிவாகிவிட்டால் பூச்சிக் கட்டுப்பாட்டுக் குழு வரும், வீடு வீடாகக் கொசுப்புழு தேடும், மருந்துத் துகள் போடும், புகை அடிக்கும். பரிசோதனைக் கூடமும் மருத்துவமனையும் அதே பைதான். காசநோய்க்கான ஆறு மாத மாத்திரையும் அங்கிருந்தே வருகிறது, குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் இலவசம். காசநோய்க்கு நகராண்மைக் கழகத்திடம் பணம் கேட்டு எழுதியவர்கள் உண்டு, அது வீண் தபால். சமூகத் தொண்டர்களை வைத்து நடத்தும் கொம்பி திட்டமும் சுகாதார அலுவலகத்தின் கீழ்தான் வருகிறது. உங்கள் தாமானில் கொம்பி குழு இல்லையென்றால் தொடங்க முடியுமா என்று கேளுங்கள். கைவிளக்கு, மருந்துத் துகள், பயிற்சி போன்ற சின்ன உதவிகள் அந்த வழியில் வரும். உள்ளூர்க்காரர்கள் கதவைத் தட்டினால் வீடு திறப்பதும் எளிது.

ஊராட்சியின் பை நோய் வருவதற்கு முன்னால் திறக்க வேண்டிய பை. குப்பை, லோங்காங், புல், சந்தை, எலி, தெருநாய், உணவுக் கடை உரிமம் எல்லாம் அதில் அடக்கம். பேராக் மாநிலம் 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தில் சேரவில்லை, அதனால் சுங்கை சிப்புட்டில் குப்பை இன்னமும் நகராண்மைக் கழகத்தின் நேரடிப் பொறுப்பு. கெடா, நெகிரி செம்பிலான், ஜொகூர், பகாங் தோட்டத்து ஊர்களில் இருக்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே 2011 செப்டம்பரிலிருந்து குப்பை வேலை எஸ்.டபிள்யூ. கோர்ப் என்ற கூட்டரசு அமைப்பின் கண்காணிப்பில் ஒப்பந்த நிறுவனங்களிடம் இருக்கிறது, முறையீடும் அங்கே போக வேண்டும்.

மாநிலப் பை நகராண்மைக் கழகத்தின் வழியாகவும் சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடு வழியாகவும் வரும். கூட்டரசிடமிருந்து ஊராட்சி மன்றங்களுக்கு 1981ஆம் ஆண்டின் ஒரு தனிச் சட்டத்தின்படி ஆண்டு மானியமும் உண்டு. சின்ன மன்றங்கள் அந்த மானியம் இல்லாமல் மூச்சு விட முடியாது.

கடைசியாகச் சின்னப் பைகள்: ருக்குன் தெத்தாங்கா மானியம், நாடாளுமன்ற உறுப்பினர் ஒதுக்கீடு, கோயில் நிர்வாகம், உள்ளூர்க் கடைக்காரர்கள். தொகை சின்னது, ஆனால் சீக்கிரம் கிடைக்கும்.

இதில் என் கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். புகை கண்ணுக்குத் தெரியும், சத்தம் கேட்கும், படம் பிடித்துப் போடலாம். அதனால் எல்லோரும் புகையைக் கேட்கிறார்கள், அரசியல்வாதிகளும் புகையையே கொடுக்க ஆசைப்படுகிறார்கள். ஆனால் புகை பறக்கிற கொசுவை மட்டும் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழு பிழைத்துக்கொள்ளும், ஒரு வாரம் பத்து நாளில் புதுக் கொசு பறக்கும். டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த இடத்தில்கூட மாதக் கணக்கில் உயிரோடு காத்திருக்கும். ஊரின் காசு எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்டால், தண்ணீர் தேங்குகிற இடத்துக்கும் குப்பைக்கும்தான். நம் மண்ணிலேயே இதற்குப் பழைய சாட்சி உண்டு. 1901இல் கிள்ளானிலும் அப்போது புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாமிலும் மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போனது, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்கிற அளவுக்கு. மால்கம் வாட்சன் என்ற மாவட்ட மருத்துவர் அரசுப் பணத்தைச் சதுப்பைத் துப்புரவாக்கவும் வடிகால் வெட்டவும் செலவிட வைத்தார். நோய் மளமளவென்று குறைந்தது. தோட்டங்களிலும் பிறகு அதே வடிகால் வேலை பரவியது. நம் தாத்தா பாட்டிகள் உயிரோடு இருந்ததில் அந்தக் கால்வாய்களுக்கும் பங்கு உண்டு.

வரிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்

அதிகாரியிடம் பேசப் போகும் முன் இந்தக் கணக்கு கையில் இருந்தால் பேச்சின் தொனியே மாறும்.

பேராக்கில் மதிப்பீட்டு வரி வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பின் மேல் போடப்படுகிறது. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆம் சட்டம், இதற்கு 35 விழுக்காடு வரை உச்ச வரம்பு வைத்திருக்கிறது. நடைமுறையில் விகிதம் அதைவிட மிகக் குறைவு. ஓர் உதாரணம்: மாதம் 400 ரிங்கிட் வாடகைக்குப் போகக்கூடிய வீடு என்றால் ஆண்டு மதிப்பு 4,800 ரிங்கிட். விகிதம் 8 விழுக்காடு என்று வைத்தால் வரி ஆண்டுக்கு 384 ரிங்கிட், அரையாண்டுக்கு 192. அப்படி 200 வீடு உள்ள தாமான் ஒன்று ஆண்டுக்கு 76,800 ரிங்கிட் கொடுக்கிறது. உங்கள் பில்லில் இருக்கும் உண்மையான எண்களைப் போட்டு உங்கள் தாமானுக்குக் கணக்கிடுங்கள்.

இப்போது அந்தப் பணத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று யோசித்தால் தெரியும். ஆண்டு முழுக்கக் குப்பை எடுக்க வேண்டும், புல் வெட்ட வேண்டும், தெரு விளக்குக்கு மின்சாரம் கட்ட வேண்டும், ஊழியர் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரு தாமானின் லோங்காங்கை முழுக்க உடைத்துப் புதிதாகக் கட்டினால் பல ஆண்டு வரி அதிலேயே போய்விடும். "வரி கட்டுறோம், செய்யுங்க" என்று மேசையைத் தட்டினால் அதிகாரிக்கு இந்தக் கணக்கு தெரியும், நமக்குத் தெரியாது. அதனால் நாம் வெளியே வந்துவிடுவோம். எங்கே அடைப்போ அங்கே மட்டும், இத்தனை மீட்டர், முதலில் இது, அடுத்த ஆண்டு அது என்று வரிசைப்படுத்திக் கேட்டால் அவர்களுக்கும் ஒதுக்க வழி கிடைக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வரி பாக்கி அதிகம் உள்ள தாமானுக்கு வாதாடுவது கஷ்டம். வரி கட்டாதவர்கள் யார் என்று நீங்கள் கேட்கவும் வேண்டாம், அது உங்கள் வேலை இல்லை. பொதுவாக ஒரு நினைவூட்டல் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குழுவில் போட்டால் போதும்.

எப்போது கேட்பது

இதுதான் பலர் கோட்டை விடுகிற இடம். நகராண்மைக் கழகத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஆண்டுக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வோர் இலாகாவும் நடு ஆண்டு வாக்கிலேயே எழுதத் தொடங்கிவிடும். அப்புறம் அது நிதிக் குழு, முழு மன்றக் கூட்டம், மாநில அரசின் ஒப்புதல் என்று போகும். அக்டோபர், நவம்பர் மழையில் லோங்காங் பொங்கும்போது நாம் கடிதம் எழுதுகிறோம். அந்த நேரத்தில் அடுத்த ஆண்டுப் பட்டியல் ஏறக்குறைய மூடியிருக்கும், நடப்பு ஆண்டுப் பணம் தீர்ந்திருக்கும். "பெருந்துக்கான் தியாடா", ஒதுக்கீடு இல்லை என்ற பதில் பொய் இல்லை.

பெரிய வேலைக்கு, அதாவது லோங்காங் கட்டுவது, மூடி போடுவது, குப்பைத் தளம் மாற்றுவது போன்றவற்றுக்கு, ஏப்ரலிலிருந்து ஜூனுக்குள் கடிதம் போய்ச் சேரட்டும். அடைப்பு எடுப்பது, புல் வெட்டுவது, குப்பை லோரி வராதது போன்றவை ஆண்டு முழுக்க ஓடும் பராமரிப்புப் பணத்தில் வருபவை. அவற்றுக்கு எப்போது வேண்டுமானாலும் முறையிடலாம். ஆண்டு நடுவில் கூடுதல் வரவு செலவுத் திட்டம் போட்டுப் பணம் எடுப்பதும் உண்டு. ஆனால் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

வரவு செலவுத் திட்டத்தைக் கையில் எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. "டிங்கி" என்று ஒரு தனித் தலைப்பு இருக்கும், அதைப் பார்த்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். அரசுக் கணக்கில் செலவுகள் எண்களால் பிரிக்கப்பட்டிருக்கும். 10000 வரிசை சம்பளம், 20000 வரிசை சேவையும் பொருள்களும், 30000 வரிசை சொத்து, 40000 வரிசை மானியம். கொசு மருந்தும் டீசலும் துப்புரவு ஒப்பந்தமும் 20000க்குள் ஒளிந்திருக்கும். புகை இயந்திரமும் லோரியும் 30000க்குள் இருக்கும். வளர்ச்சிச் செலவு தனிப் பக்கம். சுகாதார இலாகா, பொறியியல் இலாகா, துப்புரவு இலாகா மூன்றின் 20000 வரிசையையும் சேர்த்துப் பார்த்தால்தான் நோய்த் தடுப்புக்கு எவ்வளவு போகிறது என்று ஒரு தோராயம் வரும். போன ஆண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

171ஆம் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி முழு மன்றக் கூட்டம், மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய, பொதுமக்களுக்குத் திறந்தது. குழுக் கூட்டங்கள் அப்படி இல்லை. கூட்ட அறிக்கையை வரி கட்டுகிறவர் அலுவலக நேரத்தில் போய்ப் பார்க்கலாம். போய் உட்கார்ந்தவர்கள் நம்மில் குறைவு. ஒருமுறை போங்கள். எந்த மன்ற உறுப்பினர் நம் பகுதிக்குப் பேசுகிறார், யார் தூங்குகிறார் என்பது நேரில் தெரிந்துவிடும். மன்ற உறுப்பினர்கள் 8இலிருந்து 24 பேர் வரை இருக்கலாம், மாநில அரசு நியமிப்பவர்கள் அவர்கள். ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, திரும்ப வரவில்லை. ஓட்டுப் போட்டு அவர்களை மாற்ற முடியாது, ஆகவே எழுத்து மூலமாகத் தொந்தரவு செய்துகொண்டே இருப்பதுதான் வழி.

கடிதம்

தேசிய மொழியான மலாயில், ஒரு பக்கம், ஒரே விஷயம். மூன்று குறையை ஒரே கடிதத்தில் எழுதினால் அது மூன்று இலாகாவுக்குப் பிரிந்து போய் எங்கோ படுத்துவிடும். தலைப்பு தெளிவாக இருக்கட்டும்: "பெர்மோஹோனான் மெம்பாய்க்கி லோங்காங்", லோங்காங்கைச் சரிசெய்யக் கோரிக்கை, என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் சாலைப் பெயர், மனை எண்.

உள்ளே எழுத வேண்டியது அதிகம் இல்லை. லோங்காங் எங்கிருந்து எங்கே வரை, எத்தனை மீட்டர். அடைப்பா, உடைப்பா, சரிவே தப்பா. தண்ணீர் எத்தனை நாள் வடியாமல் நிற்கிறது. நிற்கும் தண்ணீரில் புழு இருக்கிறதா. அந்தச் சாலையில் டிங்கி வந்ததா, எப்போது. நோயாளியின் பெயரை எழுத வேண்டாம், சாலையும் மாதமும் போதும். தேதி தெரிகிற மாதிரி இரண்டு மூன்று படம். கடைசியில் உங்கள் கோரிக்கை ஒரே வாக்கியத்தில்.

சரிவு தப்பாக இருக்கும் லோங்காங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடைப்பை எத்தனை முறை எடுத்தாலும் அங்கே தண்ணீர் நிற்கும். துப்புரவு இலாகா வந்து சுரண்டிவிட்டு முறையீட்டை முடித்துவிடுவார்கள், படத்தில் சுத்தமாகவும் இருக்கும். கடிதம் பொறியியல் இலாகாவுக்குப் போக வேண்டும். இன்னொன்றையும் அங்கே கேளுங்கள்: இந்தச் சாலை மாரிஸ் பதிவில் இருக்கிறதா? மாநிலச் சாலைகளின் பராமரிப்புக்குக் கூட்டரசு மாநிலத்துக்குக் கொடுக்கும் மானியம் அந்தப் பதிவை வைத்தே கணக்கிடப்படுகிறது. பதிவில் இல்லாத சாலைக்கு அந்தப் பணம் வராது, பதிவு செய்யச் சொல்லிக் கேட்பதே முதல் வேலை.

கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் முறையிட்டால் முறையீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் மன்ற உறுப்பினருக்குப் படம் அனுப்புவது வேகம்தான், ஆனால் அதற்குக் கோப்பு எண் கிடையாது. இரண்டையும் செய்யுங்கள்.

பணமாகக் கேட்காமல் பொருளாகக் கேளுங்கள்

கோத்தோங் ரோயோங், அதாவது ஊர் கூடிச் செய்யும் துப்புரவு, நடத்த ஆயிரம் ரிங்கிட் கேட்டால் படிவம், கையொப்பம், காத்திருப்பு. அதே நாளுக்கு ஒரு ரோரோ தொட்டி (லோரியில் ஏற்றிச் செல்லும் பெரிய குப்பைத் தொட்டி) வையுங்கள், மறுநாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால் நகராண்மைக் கழகம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பழைய மெத்தை, உடைந்த ஃபிரிஜ், டயர், மீன் தொட்டி எல்லாம் ஒரே நாளில் வெளியே போனால் அந்தத் தாமானில் கொசுவுக்குப் பாதி வீடு காலி. சுகாதார அலுவலகத்திடம் மருந்துத் துகளும் ஓர் அதிகாரியும் கேளுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடம் சாப்பாடும் கையுறையும் கேளுங்கள். ஞாயிறு காலை வையுங்கள், பத்து மணிக்குள் முடியுங்கள், வெயில் ஏறினால் ஆள் இருக்காது. கோயில் திருவிழாவுக்கு முந்தின வாரம் வைத்தால் கூட்டம் தானாக வரும்.

ரப்பர் மரம் இன்னும் உள்ள ஓரங்களில் மறக்காமல் பாருங்கள். பால் வெட்டு நின்ற மரங்களில் மங்கு, அதாவது பால் பிடிக்கும் கிண்ணம், நிமிர்ந்தே கிடந்தால் ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர் நிற்கும். டிங்கியைப் பரப்பும் இன்னொரு வகை ஏடிஸ், வீட்டுக்கு வெளியே வாழும் அல்போபிக்டஸ், அதில்தான் குடியிருக்கும். மங்கைக் கவிழ்த்து வைப்பதற்கு ஒரு காசும் ஆகாது. தனியார் நிலம் என்றால் உரிமையாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பணம் வாங்குவதாக இருந்தால் பதிவு பெற்ற சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். தனி ஆள் கணக்கில் ஒதுக்கீடு வாங்காதீர்கள், நல்ல நோக்கமாகவே இருந்தாலும். ரசீது, படம், வந்தவர் கையொப்பம் மூன்றும் இருந்தால் அடுத்த முறை கேட்பது எளிது.

தமிழ்ப்பள்ளிகள் ஒரு தனி விஷயம். பள்ளி வேலிக்குள் இருக்கும் லோங்காங்குக்கு நகராண்மைக் கழகத்தின் பராமரிப்புப் பணம் வராது. அரசு உதவி பெறும் பள்ளி, அதிலும் தோட்ட நிலத்தில் நிற்கும் பள்ளி என்றால், கல்வி இலாகா, பள்ளி வாரியம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், நில உரிமையாளர் நான்கு பேரும் மேசையில் உட்கார வேண்டியிருக்கும். வேலிக்கு வெளியே உள்ள லோங்காங்கை மட்டும் உங்கள் கடிதத்தில் சேருங்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால்

1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம், அதாவது 342ஆம் சட்டம், டிங்கியைக் கண்ட மருத்துவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது. டிங்கிக்கு 24 மணி நேரக் கெடு. தனியார் கிளினிக்குக்கும் இது பொருந்தும். சுகாதார அலுவலகம் அசையவில்லை என்றால் முதலில் நோயாளியின் குடும்பத்திடம் கேளுங்கள்: கிளினிக்கில் பதிவு செய்தார்களா, எந்த முகவரி கொடுத்தீர்கள்? நம் ஆட்கள் பலரின் அடையாளக் கார்டில் இன்னமும் பழைய தோட்டத்து முகவரி இருக்கிறது. நோயாளி தாமானில் படுத்திருப்பார், குழு எங்கோ மூடிப்போன தோட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கும். இப்போது குடியிருக்கிற முகவரியைக் கிளினிக்கில் சொல்லச் சொல்லுங்கள். பகலில் நிறைய நேரம் இருக்கும் இடத்தையும், வேலையிடமோ பள்ளியோ, சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏடிஸ் காலையிலும் மாலையிலும் கடிப்பது.

நோயாளி வீட்டைச் சுற்றி 200 மீட்டர் வட்டத்தில் வேலை நடக்கும். அதே வட்டத்தில் 14 நாளுக்குள் இரண்டாவது ஆள் விழுந்தால் அது பரவல் என்று கணக்கு. 30 நாளைத் தாண்டியும் ஓயவில்லை என்றால் ஹாட்ஸ்பாட். இந்த வார்த்தைகள் முக்கியம், ஏனென்றால் ஆளும் மருந்தும் இந்த வரிசைப்படிதான் அனுப்பப்படுகின்றன. உங்கள் தாமான் எந்தப் படியில் இருக்கிறது என்று சுகாதார அலுவலகத்திடம் நேரடியாகக் கேளுங்கள். நாடு முழுக்கப் பார்த்தால் 2019இல் 130,101 பேருக்கு டிங்கி, 182 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் ஒவ்வொரு மாவட்டமும் அதே குழுவை வைத்துக்கொண்டு ஓடும், வரிசையில் பின்னால் நிற்கிறவர்களுக்குத் தாமதம்தான்.

புகை இரண்டு முறை வரும். முதல் முறைக்குப் பிறகு ஏழிலிருந்து பத்து நாள் கழித்து இரண்டாவது. கதவு சன்னலைத் திறந்து வைத்து, சாப்பாட்டை மூடி, பறவை பூனையை வெளியே கொண்டுபோய், ஆட்களும் வெளியே நிற்க வேண்டும். நாற்றம் பிடிக்காமல் வீட்டைச் சாத்திவிடுகிறவர்களால் அந்தச் செலவு முழுக்கத் தெருவில் போகிறது. இரண்டு புகைக்கும் நடுவில் வரும் ஞாயிறுதான் கோத்தோங் ரோயோங்குக்குச் சரியான நாள், புழுவை அப்போது அழிக்காவிட்டால் இரண்டாவது புகைக்குப் பிறகும் தொடரும்.

வீட்டில் புழு கண்டுபிடித்தால் 154ஆம் சட்டப்படி 500 ரிங்கிட் வரை காம்பவுண்ட், அதாவது நீதிமன்றம் போகாமல் கட்டும் அபராதம், கிடைக்கலாம். நீதிமன்றம் போனால் அபராதம் பல மடங்கு. "நீதான் போட்டுக் கொடுத்தாய்" என்று பக்கத்து வீட்டு அக்கா உங்களிடம் கோபப்படுவார், அதையும் எதிர்பாருங்கள். சோதனை நாளுக்கு முன்பே எல்லா வீட்டுக்கும் சொல்லிவிடுவது நல்லது. பூந்தொட்டித் தட்டு, ஃபிரிஜ் பின்புறத் தட்டு, சாமி மேடைப் பூச்சொம்பு, பயன்படுத்தாத கழிப்பறை, கூரைப் பீலி.

டிங்கியை விட்டு மற்ற நோய்களுக்குச் சுருக்கமாக: எலி, சந்தைக் குப்பை என்றால் நகராண்மைக் கழகம், எலிக் காய்ச்சல் நோயாளி என்றால் சுகாதார அலுவலகம். கடைக்காரர்களுக்கு டைபாய்டு தடுப்பூசி 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிகளின்படி கட்டாயம், செலவு அவர்களுடையது. நாய்த் தொல்லைக்கு நகராண்மைக் கழகம், நாய் கடித்தால் தாமதிக்காமல் மருத்துவமனை.

பதிலே வராவிட்டால்

கடிதம் கொடுத்துச் சில வாரம் ஆகியும் அசைவில்லை என்றால், அதே கோப்பு எண்ணைப் போட்டு நினைவூட்டல், நகல் மன்ற உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும். "ஒதுக்கீடு இல்லை" என்று எழுத்தில் வந்தால் அதைக் கிழித்துப் போடாதீர்கள். அடுத்த ஆண்டுப் பட்டியலில் சேருங்கள் என்று ஏப்ரலில் அந்தக் கடிதத்தையே இணைத்து மறுபடி கேட்கலாம். கூட்டரசு அலுவலகங்கள் மேல் குறை என்றால் பொது முறையீட்டுப் பிரிவு இருக்கிறது.

வரி கட்டாமல் நிறுத்தி எதிர்ப்புக் காட்டலாமா என்று கூட்டத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள், கை தட்டலும் விழும். வேண்டாம். பாக்கிக்கு முதலில் அறிவிப்பு வரும், பிறகு வீட்டுப் பொருளைப் பறிமுதல் செய்யும் வாரண்ட் வரை சட்டத்தில் இடம் உண்டு. லோங்காங் சரியில்லை என்பது அதற்குத் தற்காப்பு ஆகாது. வரி மதிப்பீடே அதிகம் என்று நினைக்கிறவர்களுக்குத் தனி வழி இருக்கிறது: புது மதிப்பீட்டுப் பட்டியல் வரும்போது, பரிசீலனைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னால் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும், அழைத்தால் நேரில் போய்ப் பேச வேண்டும். அக்கம்பக்கத்தில் அதே மாதிரி வீடு என்ன வாடகைக்குப் போகிறது என்ற ஒப்பந்த நகல் இரண்டு மூன்று கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.